தாடையில் வலியே இல்லாத வீக்கமா? அமெலோபிளாஸ்டோமா என்றால் என்ன?

கடைவாய்ப் பல் பக்கம் லேசான வீக்கம். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. 'சொத்தைப் பல்லா இருக்கும்' என்று பலரும் விட்டுவிடுவார்கள். ஆனால் அபூர்வமாகச் சிலருக்கு அது தாடை எலும்பை அரிக்கும் கட்டியாக இருக்கலாம். அதன் பெயர்தான் அமெலோபிளாஸ்டோமா.

எங்கிருந்து வருகிறது?

பல் உருவாகும்போது அதன்மேல் எனாமலை உருவாக்குபவை அமெலோபிளாஸ்ட் செல்கள். பல் முளைத்ததும் இவை மறைந்துவிடும். எனாமல் தேய்ந்தால் மறுபடி வளராததற்குக் காரணம் இதுதான். ஆனால், பல்லை உருவாக்கிய திசுவின் மிச்சம் மீதி தாடைக்குள்ளேயே தங்கிவிடும். பெரும்பாலும் சும்மா கிடக்கும் அது, சிலருக்குத் திடீரென வளரத் தொடங்குகிறது. இந்தக் கட்டிகளில் சுமார் 80 சதவீதம் கீழ்த்தாடையில்தான் வருகின்றன.

ஏன் வளர்கிறது?

இதற்கான முக்கிய விடை 2014ல் கிடைத்தது. பாதிக்கும் மேற்பட்ட கட்டிகளில் 'பிராஃப்' என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. இதனால் அந்தப் புரதத்தின் 600வது இடத்தில் வேலினுக்குப் பதில் குளுட்டமிக் அமிலம் வந்துவிடுகிறது.

சிம்பிளா சொன்னா, பிராஃப் ஒரு காலிங் பெல் சுவிட்ச் மாதிரி. அழுத்தினால் மட்டும்தான் 'வளரு' என்று செல்லுக்குச் சொல்லும். இந்த மாற்றம் வந்தால் சுவிட்ச் அழுத்தியபடியே சிக்கிக்கொள்ளும். செல் வளர்ந்துகொண்டே போகும்.

இது புற்றுநோயா?

பொதுவாக இல்லை. உடலின் மற்ற இடங்களுக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் வெறுமனே சுரண்டி எடுத்தால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். அதனால் கட்டியைச் சுற்றியுள்ள நல்ல எலும்பையும் சேர்த்தே வெட்டி எடுப்பார்கள். பெரிய கட்டி என்றால் காலிலிருந்து எலும்பு எடுத்துத் தாடையைச் சீரமைக்க வேண்டிவரும். இளம் வயதினருக்கும் இது வருவதால், முகமும் சாப்பிடும் திறனும் மாறுவது பெரிய இழப்பு.

மாத்திரை போதுமா?

மெலனோமா என்ற தோல் புற்றுநோயிலும் இதே மாற்றம் உண்டு. அதற்குத் தரப்படும் டப்ராஃபெனிப், டிராமெட்டினிப் மருந்துகளால் சில நோயாளிகளின் தாடைக் கட்டியும் சுருங்கியிருக்கிறது. ஆனாலும் இப்போதைக்கு அறுவை சிகிச்சைதான் முதன்மை. பயாப்ஸி திசுவைச் சோதித்து, இந்த மாற்றம் இருப்பது உறுதியானவர்களுக்கே இந்த மருந்துகள் பொருந்தும்.

எப்போது உஷாராகணும்?

தாடை ஒரு பக்கம் மெல்ல வீங்குவது, காரணமில்லாமல் பல் ஆடுவது, பல் இடம் மாறுவது. இவை இருந்தால் பல் மருத்துவரிடம் எக்ஸ்-ரே எடுத்துப் பாருங்க. சீக்கிரம் கண்டுபிடித்தால், இழக்கும் எலும்பும் குறையும்.