எமது பெண்களைத் தேடிவரும் கடிதம்

இலண்டனில் எமது வீட்டு வாசல்களில் நாள்தோறும் கடிதங்கள் வந்து விழுகின்றன. உள்துறை அமைச்சின் கடிதமாயின் நடுங்கும் கைகளால் உடனே பிரிக்கிறோம். மின்கட்டணப் பட்டியலையும் தவறவிடுவதில்லை. தேசிய சுகாதார சேவையிலிருந்து அம்மாவின் பெயருக்கு வரும் கடிதமோ பல வீடுகளில் பிரிக்கப்படாமலே கிடந்து, விளம்பரத் தாள்களோடு குப்பைக்குப் போகிறது. "எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே" என்பதே அம்மாவின் பதில்.

வருத்தம் இல்லாதோருக்கென்றே அச்சோதனை ஏற்படுத்தப்பட்டுள்ளது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை ஏறத்தாழ எப்போதும் உண்டாக்குவது எச்.பி.வி. எனும் வைரஸ். அது தொற்றிப் புற்றுநோயாக மாறுவதற்குப் பல ஆண்டுகள் செல்லும். அந்த இடைக்காலத்தில் நோவு இராது. அப்போதே மாற்றமடைந்த கலங்களைக் கண்டறிந்து அகற்றிவிட்டால், நோய் உருவாகாமலே தடுக்கலாம்.

எம்மவரைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் கூச்சமே. வைரஸ் இருப்பதாக முடிவு வந்தால் புற்றுநோய் என்று பொருளல்ல; அது நடத்தைக்கு வந்த களங்கமும் அல்ல. பெரும்பாலானோரைத் தொற்றும் இவ்வைரஸ் பல்லாண்டுகள் உடலில் உறங்கிக் கிடக்கவும் கூடும். எனவே போரில் கணவரை இழந்து தனித்து வாழும் பெண்களும் "இனி எனக்கெதற்கு" என ஒதுங்கலாகாது.

திண்டுக்கல் தரும் பாடம்

தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. 30 முதல் 59 வயது வரையான கிராமப் பெண்களைப் பயிற்சி பெற்ற தாதியர் பரிசோதித்தனர். அவர்கள் பயன்படுத்தியது வினாகிரியில் உள்ள அசற்றிக் அமிலமே. 2007இல் முடிவுகள் வெளியாயின. சோதனைக்கு அழைக்கப்படாத கிராமங்களோடு ஒப்பிடுகையில், அழைக்கப்பட்ட கிராமங்களில் இந்நோய் 25 சதவீதமும் அதனால் நேர்ந்த மரணங்கள் 35 சதவீதமும் குறைந்திருந்தன. வசதி குறைந்த கிராமங்களில் இயன்றது, வசதி நிறைந்த இந்நாட்டில் எமக்கு இயலாமற் போவது ஏன்?

யாருக்கு, எப்போது?

இங்கிலாந்தில் கருப்பைக் கழுத்துச் சோதனைக்கு 25 முதல் 64 வயது வரையான பெண்கள் அழைக்கப்படுகின்றனர். மார்பகச் சோதனைக்கான அழைப்பு 50 வயது முதல் 71ஆவது பிறந்தநாள் வரை மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை வரும். குடற் புற்றுநோய்ச் சோதனைப் பொதி 50 முதல் 74 வயது வரையான ஆண், பெண் இருபாலாருக்கும் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை தபாலில் வீட்டுக்கே வருகிறது. அழைப்புகள் சில இப்போது கைத்தொலைபேசியிலும் வருகின்றன. இச்சோதனைகள் யாவும் இலவசம்.

புகலிடம் கோரி, முடிவுக்காகக் காத்திருப்போரும் குடும்ப வைத்தியரிடம் பதிவுசெய்யலாம். அதற்குக் குடிவரவுப் பத்திரமோ முகவரிச் சான்றோ கட்டாயமல்ல. இருப்பிடம் மாற்றப்படுந்தோறும் புதிய முகவரியை அறிவித்தாலன்றி அழைப்பு வந்துசேராது. பெண் தாதியைக் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளரையும் இலவசமாகக் கேட்டுப் பெறலாம். கணவர் முன்னும் பிள்ளைகள் முன்னும் சொல்லத் தயங்குவதை அவர் மூலம் சொல்லலாம்.

ஒன்றை மறவாதீர்கள். மாதவிடாய் நின்றபின் இரத்தக் கசிவு, மார்பில் கட்டி, மலத்தில் இரத்தம் ஆகியவற்றைக் கண்டால், அழைப்புக்காகக் காத்திராது உடனே வைத்தியரிடம் செல்லுங்கள்.

ஆங்கிலம் அறிந்த பிள்ளைகளே, இன்று மாலை அம்மாவின் பெயருக்கு வந்த கடிதத்தை எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எத்தனையோ இழப்புகளைக் கடந்து இங்கு வந்துசேர்ந்த எமது தாய்மாரை, பிரிக்காத ஒரு கடிதத்தின் பொருட்டு நாம் இழத்தல் தகாது.