காற்றைத் தைப்பது எப்படி?

கோட்டைப்பட்டினத்தில் விசைப்படகுகள் கரை சேர்ந்ததும் இறாலும் நண்டும் நொறுக்கிய ஐஸோடு தெர்மாகோல் பெட்டிக்குள் போய்விடுகின்றன. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளிருக்கும் ஐஸ் சட்டென்று உருகுவதில்லை. இத்தனைக்கும் அந்தப் பெட்டியில் குளிரூட்டும் கருவி எதுவும் கிடையாது. தெர்மாகோலில் நூற்றுக்கு 98 பங்கு வெறும் காற்றுதான். சின்னச் சின்ன அறைகளில் அடைபட்டு நகர முடியாமல் கிடக்கும் அந்தக் காற்றைத் தாண்டி வர வெப்பம் திணறுகிறது. மைனஸ் 40 டிகிரியில் மனிதன் அணியும் கோட்டும் இதே பெட்டிதான். திசை மட்டும் மாறுகிறது: பெட்டி வெளி வெப்பத்தை உள்ளே விடுவதில்லை, கோட்டு உடம்பின் வெப்பத்தை வெளியே விடுவதில்லை.

அடுப்பு உடம்புதான். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறான். கம்பளியும் இறகும் தாமாக ஒரு துளி வெப்பம்கூடத் தருவதில்லை. அவற்றின் வேலை காற்றை அசையாமல் பிடித்து வைப்பது மட்டுமே. வாத்து, கூஸ் போன்ற பறவைகளின் மெல்லிறகு இதில் மிகவும் கெட்டி. நல்ல தரமான மெல்லிறகு 28 கிராம் இருந்தால் அது 13 லிட்டர் அளவுக்கு உப்பி நிற்கும். ஜாக்கெட் வாங்குபவர் விலை கொடுப்பது உண்மையில் அந்தப் பருமனுக்குத்தான்.

ஆனால் பெட்டிக்குள் இருக்கும் இறாலுக்கு வியர்க்காது. மனிதனுக்கு வியர்க்கும். கடுங்குளிர் உடையின் சிக்கலெல்லாம் இந்த வித்தியாசத்திலிருந்துதான் பிறக்கிறது. சுமையோடு பனிமலை ஏறுபவனின் உடம்பு, உட்கார்ந்திருப்பவனைப்போல ஐந்து மடங்கு வெப்பத்தை உண்டாக்கும். மைனஸ் 30 டிகிரியிலும் அவனுக்கு வியர்வை வழியும். நீர், காற்றைவிட 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். காற்று இருந்த இடத்தை வியர்வை பிடித்துக்கொண்டால் உடையின் காப்பு போயிற்று. ஏறி முடித்து அவன் நிற்கும்போது உடம்பின் வெப்பம் குறைந்துவிடும், ஈரமோ அப்படியே இருக்கும். ஆபத்து வருவது அந்த நேரத்தில்தான்.

திருப்பூர்ப் பனியன் நமக்கு உகந்ததாக இருப்பதற்கும் பனிமலைக்கு ஆகாததற்கும் காரணம் ஒன்றே. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல உலரும். ஒவ்வொரு கிராம் நீரும் ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். நம் கடற்கரையில் அது வரம், பனிமலையில் சாபம். ஆட்டுக் கம்பளி அப்படியல்ல. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் இழுத்துக்கொண்டும் தோலுக்கு நனைந்த உணர்வைத் தராது. மெல்லிறகுக்கோ ஈரம் பட்டால் போச்சு, சுருண்டு ஒட்டிக்கொள்ளும். ஈரம் மிகுந்த இடங்களில் பாலியஸ்டர் பஞ்சை நாடுவது அதனால்தான்.

ஈரம் என்ன செய்யும் என்பதற்கு 1911-ஆம் ஆண்டின் அண்டார்டிகா சாட்சி. எம்பெரர் பென்குயின் முட்டைகளைத் தேடி, நடுக்குளிர்கால இருட்டில் கேப் குரோசியருக்கு மூன்று பிரிட்டிஷார் நடந்து போனார்கள். வெப்பநிலை மைனஸ் 60 டிகிரி வரை இறங்கியது. அவர்களில் ஒருவரான ஆப்ஸ்லி செரி-கெரார்ட் ஒரு காலையில் கூடாரத்தை விட்டு வெளியே வந்து தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்தார். சில நொடிகளில் உடையிலிருந்த ஈரம் உறைந்து இறுகிவிட்டது. தலையைக் குனிய முடியவில்லை. நிமிர்ந்த தலையோடே மணிக்கணக்கில் சறுக்குவண்டியை இழுத்தார்.

அதே காலத்தில் நார்வேயின் ருவால் அமுண்ட்சன் வேறு வழியில் போனார். 1903 முதல் 1906 வரை நடந்த கனடா ஆர்க்டிக் பயணத்தில் நெட்சிலிக் இனுயிட் மக்களிடம் அவர் உடை நுட்பம் கற்றிருந்தார். அவர்கள் அணிந்தது கரிபூ மான் தோல். அதன் மயிருக்குள்ளேயே காற்றறைகள் உண்டு. உள்ளங்கியில் மயிர் உடம்பைப் பார்த்திருக்கும், மேலங்கியில் வெளியே பார்த்திருக்கும். உடை தொளதொளவென்று இருக்கும். வியர்க்கத் தொடங்கினால் கழுத்துப் பக்கம் தளர்த்தி வெப்பத்தையும் ஈரத்தையும் வெளியேற்றிவிடலாம். வீட்டுக்குள் நுழையுமுன் தோலில் படிந்த பனியை ஒரு கோலால் தட்டி உதிர்ப்பார்கள், உள்ளே போய் அது உருகிவிடக் கூடாதே என்றுதான். 1911 டிசம்பர் 14 அன்று அமுண்ட்சன் தென்துருவத்தை அடைந்தபோது இந்த அறிவும் கூடவே போனது.

இன்றைய தையலும் அதே அறிவை மூன்று அடுக்காகப் பிரித்துக்கொள்கிறது. தோலை ஒட்டிய அடுக்கு வியர்வையைக் கடத்திவிடும். நடு அடுக்கு காற்றைச் சிறைப்பிடிக்கும். மேல் அடுக்கு வெளிக்காற்றைத் தடுக்கும். இந்த மூன்றாவதை இளப்பமாக எண்ணக் கூடாது. மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 34 போலத் தாக்கும். 1969-இல் அமெரிக்காவின் பாப் கோர், ஒட்டாத வாணலியில் பூசும் டெஃப்லானைச் சட்டென்று இழுத்து நுண்துளைப் படலமாக்கினார். நீராவி நுழையும், நீர்த்துளி நுழையாது என்ற கோர்-டெக்ஸ் துணி அதிலிருந்து வந்தது. ஆனாலும் கடுங்குளிரில் நீராவி அந்தப் படலத்தின் உட்புறத்திலேயே உறைந்துவிடுவதுண்டு. அதனால்தான் அக்குளில் ஜிப் வைத்துத் தைக்கிறார்கள். இனுயிட்டின் தளர்ந்த கழுத்துக்கு அது இன்றைய வடிவம்.

தையல்காரர் கவனிக்க வேண்டியது இன்னும் உண்டு. உள்துணியையும் வெளித்துணியையும் சேர்த்து நேராகத் தைத்தால், தையல் ஓடும் இடமெல்லாம் இறகு இல்லாமல் போய்க் குளிர் புகும். கடுங்குளிருக்கான கோட்டில் இரண்டு துணிக்கும் நடுவே குறுக்குப் பட்டி வைத்து அறை அறையாகத் தைப்பார்கள். ஜிப்புக்குப் பின்னாலும் ஒரு மறைப்புப் பட்டி வேண்டும். விரல்களைத் தனித்தனியே பிரிக்காத கையுறையே அதிக வெப்பம் தரும், ஒன்றாக இருக்கும் விரல்கள் குளிருக்குக் காட்டும் பரப்பு குறைவு.

நம் நாட்டில் இந்த அறிவு உயிர் காக்கும் இடம் சியாச்சின் பனியாறு. 1984 ஏப்ரல் 13 அன்று இந்திய வீரர்கள் அந்தப் பனியாற்றில் இறங்கினார்கள். ஐரோப்பாவிலிருந்து தருவித்த குளிர் உடைகள் முந்தின நாள்தான் கைக்கு வந்திருந்தன. இறக்குமதியை நம்பியிருந்த நிலை அதன் பிறகும் நீண்டது. மாற்று உடையை உருவாக்கியது இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் டிபாஸ் நிறுவனம். 1962-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தொடங்கி, பின்னர் தில்லிக்குப் போன உடலியல் ஆய்வகம் அது. அதன் மூன்றடுக்கு உடைக்கான தொழில்நுட்பம் 2021 டிசம்பரில் ஐந்து இந்திய நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டது. பிளஸ் 15 முதல் மைனஸ் 50 டிகிரி வரை அது தாங்கும். ஆனால் எந்த அடுக்கை எப்போது போடுவது என்பதைக் குளிர் மட்டும் தீர்மானிப்பதில்லை, உடலுழைப்பும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. காவலுக்கு நிற்பவருக்கும் ஏறிப் போகிறவருக்கும் ஒரே பனி, உடை வேறு.

கனடாவுக்கோ லடாக்குக்கோ புறப்படுகிறவர் கடையில் தடிமனான ஒரே கோட்டைத் தேடுவது வழக்கம். அந்தப் பணத்துக்கு மெல்லிய மூன்று உடைகள் வாங்குவது நல்லது. மேலங்கி ஓரளவு பெரியதாக இருக்கட்டும், இறுக்கினால் உள்ளிருக்கும் காற்று நசுங்கிப் போகும். காலணியும் அப்படியே. இரண்டு காலுறை போட்டு இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து பாதம் இன்னும் சில்லிடும். நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். கிளம்பும்போதே கதகதப்பாக இருந்தால், ஒரு அடுக்கைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு நடப்பதே சரி.