காய்ச்சல் ரொட்டி

எங்கள் வீட்டுக்குள் ரொட்டி வந்தால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போகிறவர்கள் கையிலும் அதுதான்: ஹார்லிக்ஸ் பாட்டில், நாலு சாத்துக்குடி, மெழுகுத்தாள் சுற்றிய ரொட்டி. காய்ச்சல் விட்டதும் இட்லிக்குத் திரும்பிவிடுவோம்.

இப்போது பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் சாண்ட்விச், சாயங்காலம் பிரெட் ஆம்லெட். வாரம் முழுக்கச் சாப்பிடுவதால் அதில் என்ன கலக்கிறார்களோ என்ற பயமும் கூடவே வந்திருக்கிறது. ‘அந்தக் காலத்து ரொட்டி சுத்தமானது’ என்று பெருமூச்சு விடுகிறோம். இங்கேதான் நான் முரண்படுகிறேன்.

புதிதாக அரைத்த மாவில் நல்ல ரொட்டி எழும்பாது. சில வாரம் காற்றுப்பட்டுக் கிடந்தால்தான் அதிலுள்ள புரதம் இறுகி, ஈஸ்ட் விடும் வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அத்தனை நாள் மூட்டைகளை அடுக்கி வைத்துக் காத்திருக்க யாரால் முடியும்? பொட்டாசியம் புரோமேட் ஒரு சிட்டிகை போட்டால் அந்த வேலை அன்றைக்கே முடிந்துவிடும். ரொட்டி உப்பலாக, பஞ்சு மாதிரி வரும். அளவாகப் போட்டு நன்றாகச் சுட்டால் அடுப்புச் சூட்டில் அது பெரும்பாலும் புரோமைடாக மாறிவிடும் என்பது கணக்கு. கை கொஞ்சம் தாராளமானாலோ, ரொட்டி சரியாக வேகாவிட்டாலோ மிச்சம் நம் தட்டுக்கு வரும்.

1980களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீரகத்தில் கட்டிகள் வந்தன. பிரிட்டன் 1990இல் தடை செய்தது, கனடா 1994இல், பக்கத்து இலங்கை 2001இல். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1999இல் இதை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற வரிசையில் வைத்தது. நம் நாட்டிலோ, கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை ரொட்டியில் சட்டப்படியே சேர்க்கலாம் என்ற நிலை 2016 வரை நீடித்தது. ஆக, நாம் ஏங்கும் அந்தக் காய்ச்சல் ரொட்டியில் புரோமேட் இருந்திருந்தாலும் அது குற்றமாக இருந்திருக்காது.

2016 மே மாதம் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 38 ரொட்டி வகை மாதிரிகளைச் சோதித்து, 32இல் புரோமேட்டோ அதே வேலைக்குப் போடும் அயோடேட்டோ இருப்பதாகச் சொன்னது. அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் புரோமேட்டை அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கியது. இத்தனைக்கும் அந்த வருஷங்களில் நம் ஊரில் எல்லோரும் பரோட்டாவில் ‘அலோக்சான்’ தேடிக்கொண்டிருந்தோம்! எலிக்கு நீரிழிவு வரவழைக்க ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்தும் பொருள் அது. மைதாவில் யாரும் அள்ளிப் போடுவதில்லை.

இன்று பாக்கெட் ரொட்டியின் முதுகில் 282 என்றிருந்தால் பூஞ்சை தடுக்கும் கால்சியம் புரொப்பியோனேட். 300 என்றால் வைட்டமின் சி. புரோமேட் செய்த வேலையை அதுவும் செய்யும். இவற்றைப் பார்த்துப் பதற வேண்டாம்.

என் சந்தேகமெல்லாம் லேபிளே இல்லாமல் எடை போட்டுத் தரும் பன்னும் ரொட்டியும்தான். அடுத்த முறை வாங்கும்போது மாஸ்டரிடம் கேளுங்கள்: “அண்ணே, என்ன இம்ப்ரூவர் போடுறீங்க?” அந்த இம்ப்ரூவர் பொட்டலத்தில் புரோமேட்டைக் குறிக்கும் 924 என்ற எண் இருக்கக் கூடாது.