தரைக்கு அடியில் ஒரு போர்வை

திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்தில் சித்திரை மாத நண்பகலில் வெறுந்தரையில் படுத்து இளைப்பாறுவோர் உண்டு. உடலின் வெப்பத்தைத் தரை ஈர்த்துக்கொள்வதால் அந்தச் சுகம் கிடைக்கிறது. காஷ்மீரத்துக் குளிர்காலத்தில் அதே பண்பு பகையாகிவிடும். டிசம்பர் 21 தொடங்கி 40 நாள் நீடிக்கும் கடுங்குளிரை அங்குள்ளோர் 'சில்லை கலான்' என்பர். அந்நாள்களில் ஸ்ரீநகரின் இரவு வெப்பநிலை சுழியத்துக்கும் கீழே இறங்கும்.

தரையையே சூடாக்கும் வழக்கம் அங்குப் பழமையானது. வீடுகள் பலவற்றிலும் பள்ளிவாசல்களிலும் 'ஹமாம்' என்னும் அறை உண்டு. அதன் தரை தடித்த கற்பலகைகளால் ஆனது. பலகைகளுக்கு அடியில் வெற்றிடம். வெளிப்புறத்திலிருந்து விறகிட்டு எரிப்பர். அனலும் புகையும் கல்லுக்கடியில் பரவிப் புகைபோக்கி வழியே வெளியேறும். தீக்கு மேல் பதித்த செப்புக் கொப்பரையில் வெந்நீரும் கிடைக்கும். மெல்லச் சூடேறிய கல், தீ அணைந்த பின்னும் பல மணி நேரம் கதகதப்பாக இருக்கும். கொரியர்களின் 'ஓண்டோல்' தரையும் இவ்வகையினதே.

இக்காலத்தில் விறகுக்குப் பதிலாக, கான்கிரீட் தரைக்குள் நெகிழிக் குழாய்களைப் பதித்து, பெரும்பாலும் 35 முதல் 45 பாகை வரை சூடான நீரை ஓட விடுகின்றனர். இங்கேதான் ஒரு தவறான எண்ணம் பலரை ஏமாற்றுகிறது. "வெப்பம் மேலேதானே எழும், கீழே தடுப்பு எதற்கு?" என்பர். மேலே எழுவது சூடான காற்று. திடப்பொருளுக்குள் வெப்பம் மேல், கீழ் என்று பார்ப்பதில்லை. சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்தை நோக்கி எத்திசையிலும் செல்லும். அடியில் குளிர்ந்த மண் இருந்தால், காசு கொடுத்து வாங்கிய வெப்பத்தில் ஒரு பங்கு மண்ணுக்கே போய்ச் சேரும்.

இதைத் தடுக்கக் கான்கிரீட்டுக்கு அடியில் பாலிஸ்டைரீன் நுரைப்பலகையைப் பரப்புவர். அதன் நுண்ணறைகளில் அடைபட்ட வளியே உண்மையான போர்வை. 5 செ.மீ. தடிமனுள்ள நுரைப்பலகை, ஏறத்தாழ 2 மீட்டர் தடிமனுள்ள கான்கிரீட்டுக்கு இணையாக வெப்பத்தைத் தடுக்கும். ஆனால் ஈரம் அதன் எதிரி. அசையாக் காற்றைவிட நீர் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். மரத்தூளையோ வைக்கோலையோ ஈரமண்ணின் மேல் இட்டால் பயன் கிட்டாமைக்குக் காரணம் இதுவே. ஆகவே முதலில் சரளைக்கல், அதன்மேல் பலகை, ஈரம் ஏறாதிருக்கப் பாலித்தீன் தாள் என அமைப்பர்.

நுரையின் மேல் தரையா, நசுங்கிவிடாதா என்ற ஐயம் எழுவது இயல்பு. 10 செ.மீ. கான்கிரீட் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 240 கிலோ எடையுள்ளது. மனிதர், அறைகலன் ஆகியவற்றுக்காக மேலும் 200 கிலோவைக் கணக்கில் கொள்வர். கட்டுமானத்திற்கென்றே செய்யப்படும் பலகை இதனினும் பன்மடங்கு தாங்கும். பள்ளி மாணவர் மாதிரிகள் செய்ய வாங்கும் தெர்மோகோலை அதனோடு ஒப்பிடலாகாது.

வெப்பம் மிகுதியாகக் கசியும் இடம் தரையின் விளிம்பு. நடுப்பகுதியின் அடிமண் நாளடைவில் ஓரளவு சூடேறிவிடும். விளிம்போ வெளிக்குளிருக்கு அண்மையில் உள்ளது. அங்குச் செங்குத்தாக ஒரு பலகையை நிறுத்தாவிடில், அடியில் இட்டதன் பயன் பெரிதும் குறையும். அவசர வேலையில் முதலில் விடுபடுவதும் அதுவே. சாளரத்தைப் பின்னர் மாற்றலாம். தரைக்கு அடியில் விட்டதைச் சேர்க்கத் தரையையே உடைக்க வேண்டும். குளிர்காலத்திற்கான எரிபொருளைக் கோடையிலேயே மலைக்கணவாய்கள் வழியே ஏற்றிச் சேமித்து வைக்கும் லடாக்கில் இப்பிழையின் விலை மிகப் பெரிது.

திருவனந்தபுரத்தில் இக்கணக்கு தலைகீழானது. இங்குப் போர்வை வேண்டுவது கூரைக்கு. நாள் முழுதும் வெயில் குடித்த கான்கிரீட் கூரை, இரவிலும் அறைக்குள் அனலை இறக்கும். இந்நகரில் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கர், கூரைக் கான்கிரீட்டின் அடிப்பகுதியில் ஓடுகளைப் பதிக்கும் முறையைப் பரப்பினார். அப்பகுதியில் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை என்பதால் வலிமை குறையாது, சிமெண்டும் மிச்சமாகும். இரண்டு ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், இடையில் அகப்பட்ட காற்று வெப்பத்தைத் தாமதப்படுத்தும்.