இழுப்பது பொறியா, மண்ணா?

பள்ளி விளையாட்டு விழாக்களில் வடம் இழுக்கும் போட்டியைக் காணாதவர் இலர். உடல் வலிமிக்க எண்மர் ஒருபுறம் நின்றாலும், அவர்தம் காலடி மண் வழுக்குமாயின் வெற்றி மறுபுறம் போய்விடுகிறது. கையின் வலிமையைக் கயிற்றில் சேர்ப்பது காலின் பிடிப்பே. இவ்வெளிய உண்மையை மறந்து பழைய தோட்ட டிராக்டரில் சுமை பூட்டுவோர் இடர்ப்படுகின்றனர். சிலர் உயிருக்கே ஊறு தேடிக்கொள்கின்றனர்.

வயலில் உழும் பெரிய டிராக்டரின் சிறு வடிவமே தோட்ட டிராக்டர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் இது பெருகியது. புல் வெட்டவும், பனி தள்ளவும், சிறு நிலத்தை உழவும் பயன்பட்டது. இந்தியானா மாநிலத்துச் சவுத் பெண்ட் நகரில் 1946-இல் வீல் ஹார்ஸ் நிறுவனம் தோன்றியது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961-இல் கப் கேடட் என்பதையும், ஜான் டியர் 1963-இல் 110 என்பதையும் வெளியிட்டன. பின்னவை இரண்டும் தொடக்கத்தில் 7 குதிரைச் சக்தி உடையவை. இவற்றைப் பழுதுபார்த்து இன்றும் வேலை வாங்குவோர் அங்கு உளர்.

பொறியின் வலி எவ்வளவு?

ஒரு குதிரைச் சக்தியாவது ஏறத்தாழ 75 கிலோ எடையை ஒரு வினாடியில் 1 மீட்டர் உயர்த்தும் ஆற்றல். ஆகவே 7 குதிரைச் சக்தி, மெல்ல நடக்கும் வேகத்தில், 525 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். பட்டையிலும் பற்சக்கரங்களிலும் பாதி வீணாகிறது என்றே கொள்வோம். எஞ்சியது ஏறக்குறைய 260 கிலோ.

இனிச் சக்கரத்தை நோக்குவோம். ஓட்டுநரோடு சேர்த்து 300 கிலோ எடையுள்ள வண்டியில் 180 கிலோ பின்சக்கரங்களின் மேல் நிற்பதாகக் கொள்வோம். இறுகிய மண்ணில் டயரானது தன்மேல் நிற்கும் எடையில் ஏறக்குறையப் பாதியளவே பற்றி இழுக்கும். அஃதாவது 90 கிலோ! ஈரப்புல்லில் அதுவும் குறையும். பொறி 260 தர முன்வந்தும், மண் 90-க்கு மேல் ஏற்க மறுக்கிறது. இந்நிலையில் பெரிய பொறியை மாற்றிப் பொருத்துவோர், வழுக்கும் காலுக்குக் கைவலி கூட்டுவோரை ஒப்பர்.

பிடிப்பைக் கூட்டும் வழிகள்

முதல் வழி, பின்சக்கரங்களின் மேல் எடை சேர்த்தல். வார்ப்பிரும்பு வட்டுகளைச் சக்கரங்களில் பொருத்தலாம். டயருக்குள் முக்கால் பங்கு நீர்மம் நிரப்பலாம். குளிர்நாட்டில் வெறும் நீர் உறைந்துவிடுமாதலால், அதில் கால்சியம் குளோரைடு உப்பைக் கரைப்பது பழைய வழக்கம். அது கசிந்தால் இரும்பை அரிக்கும். ஆகவே, சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கின் சாற்றை இக்காலத்தில் சிலர் நிரப்புகின்றனர்.

இரண்டாம் வழி, டயரை மாற்றுதல். புல்வெளிக்குரிய டயர் புல்லைக் காக்கும், மண்ணைக் கவ்வாது. தடித்த குறுக்குப் பட்டைகள் உடைய உழவு டயர் மண்ணில் பதிந்து இழுக்கும். பனிக்கும் பனிக்கட்டிக்கும் டயரைச் சுற்றிச் சங்கிலி பூட்டுவர்.

எனினும் ஓர் எல்லை உண்டு. சக்கரம் வழுக்குவது குறையாக மட்டும் அமைவதன்று. அது காவலும் ஆகும். சுமை மிகும்போது டயர் வழுக்கினால் உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் பிழைக்கின்றன. அளவின்றி எடையேற்றி வழுக்கலைத் தடுத்துவிட்டால், பட்டையோ பல்லோ அச்சோ முறிந்தே தீரும். மெல்லிய மயிலிறகும் மிகுந்தால் அச்சை முறிக்கும் என்பதைத் திருக்குறள் பயின்ற நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

கொக்கியின் உயரம்

சுமையைப் பூட்டும் கொக்கி பின்னச்சுக்குக் கீழே இருத்தல் வேண்டும். சிலர் இருக்கையின் அடியிலோ சட்டத்தின் உச்சியிலோ சங்கிலியைக் கட்டுவர். அதனால் பிடிப்புக் கூடுவது உண்மையே; ஆனால், அங்ஙனம் கூடிய எடை முன்சக்கரங்களிலிருந்து பறிக்கப்பட்டதாகும். மரத்தின் அடிக்கட்டையைப் பிடுங்கும்போது கட்டை அசையாது, சக்கரமும் சுழலாது போனால், பொறியின் ஆற்றல் வண்டியின் உடலையே அச்சைச் சுற்றித் திருப்பும். முன்புறம் எழும், கண்மூடித் திறப்பதற்குள் வண்டி பின்னோக்கிக் கவிழ்ந்து ஓட்டுநரை நசுக்கும். கொக்கி தாழ இருப்பின், முன்புறம் எழுந்தவுடன் கொக்கி மேலும் தாழ்ந்து கவிழ்க்கும் விசையைக் குறைக்கிறது.

ஏறுவதினும் இறங்குவது அரிது

இழுவை என்றதும் அனைவரும் ஏற்றத்தையே எண்ணுகின்றனர். உண்மை இடர் இறக்கத்தில் இருக்கிறது. 500 கிலோ எடையுள்ள பின்வண்டி, 5 மீட்டருக்கு 1 மீட்டர் தாழும் சரிவில், டிராக்டரை ஏறத்தாழ 100 கிலோ விசையோடு முன்தள்ளும். டிராக்டரின் சொந்த எடை மேலும் 60 கிலோ சேர்க்கும். இப்பழைய வண்டிகளின் பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களையே தடுப்பது. ஈரப்புல்லில் அவற்றின் பிடிப்பு, மேலே நிற்கும் எடையில் மூன்றிலொரு பங்கானால் 60 கிலோதான். உருளும்போது மண் தரும் தடை சிறிது துணைசெய்யினும், 160-ஐ 60 எங்ஙனம் நிறுத்தும்? சக்கரம் அசையாது நின்றும் வண்டி சறுக்கிச் செல்லும். பின்வண்டி பக்கவாட்டில் மடங்கி டிராக்டரைப் புரட்டும்.

ஆகவே சரிவில் பின்வண்டியின் எடை, டிராக்டரும் ஓட்டுநரும் சேர்ந்த எடையை விஞ்சாதிருத்தல் நன்று. ஈரத்தில் அதனினும் குறைத்தல் வேண்டும். சரிவை அடையுமுன்பே தாழ்ந்த கியரில் இட்டு, இறங்கும்போது கிளட்ச்சை விடுவிக்காது நேராகச் செல்ல வேண்டும். சுமை மிகுதியாயின் இருமுறை செல்வதே அறிவுடைமை.

ஏற்றத்தில் பிடிப்புத் தோற்றால் பெரும்பாலும் வேலைதான் நிற்கும். இறக்கத்தில் தோற்றால் வண்டி நில்லாது. எனவே, ஒரு சுமையை இழுக்க முடியுமா என்று கேட்குமுன், அதை நிறுத்த முடியுமா என்று கேட்பதே முறையாகும். அக்கேள்விக்கு விடை பொறியின் குதிரைச் சக்தியில் இல்லை. சக்கரம் தொடும் சாணளவு மண்ணில் இருக்கிறது.