விசைப்பலகைக்கு ஒரு துபாஷி

மதுரையிலிருந்து தேனிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், நாகமலைத் தொடரின் அடிவாரத்தில் இருக்கும் நாகமலை புதுக்கோட்டை, 1965இல் வெள்ளைச்சாமி நாடார் கல்லூரியும், அதற்கடுத்த ஆண்டில், இன்று காமராசர் பெயரைத் தாங்கி நிற்கும் பல்கலைக்கழகமும் தோன்றிய காலந்தொட்டு, படிப்போரும் படிப்பிப்போரும் அவர்களுடைய ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து கொடுப்போரும் கூடி வாழும் ஊராக வளர்ந்திருக்கிறது. இத்தகைய ஊரில் அநேகருக்கு விசைப்பலகையே ஜீவனோபாயம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நாள்தோறும் அமர்ந்து, 'யளனகபக' என்ற பாடத்தைப் பக்கம் பக்கமாக அடித்து, லோயரும் ஹையரும் தேறி வந்த ஒருவருடைய விரல்கள், தாம் பழகிய பலகையின் எந்த விசை எவ்வளவு அமுங்கும், எது சற்று முரண்டு பிடிக்கும் என்பதையெல்லாம் கண்ணின் உதவியின்றியே அறியும். அப்படிப்பட்டவர், கைப்பேசியிலும் டேப்லெட்டிலும் எழுத வேண்டிய இந்நாளில், கம்பி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பழகிய பலகையைத் துறந்து புதியது வாங்கத்தான் வேண்டுமா என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

வேண்டியதில்லை என்று சொல்ல வழி செய்திருப்பது, ராஸ்பெர்ரி பை என்னும் ஒற்றைப் பலகைக் கணினி. மாணவர்கள் குறைந்த செலவில் கணினி விஞ்ஞானம் பயிலவேண்டும் என்ற நோக்கத்துடன் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்து அறநிறுவனம் ஒன்றின் முயற்சியால் 2012 பிப்ரவரி 29ஆம் தேதி வெளிவந்த இச்சாதனத்தின் குடும்பத்தில், 2017இல் பத்து டாலர் விலையில் பிறந்தது ஜீரோ டபிள்யூ என்ற சிறிய வகை. 65 மில்லிமீட்டர் நீளமும் 30 மில்லிமீட்டர் அகலமும் உள்ள அந்தச் சிறு தகட்டிலேயே செயலி, 512 மெகாபைட் நினைவகம், வைஃபை, புளூடூத் ஆகிய எல்லாம் அடங்கிவிடுகின்றன. 2021இல் வந்த ஜீரோ 2 டபிள்யூ, அதே உருவத்தில் நான்கு கருக்கள் கொண்ட செயலியுடன் மேலும் விரைவாக இயங்குவது.

விசைப்பலகையின் சுபாவத்தைச் சற்று அறிந்துகொண்டால்தான் இக்கணினியின் அவசியம் விளங்கும். யு.எஸ்.பி. முறையில் இணையும் விசைப்பலகை தானாக எதையும் சொல்லாது. எட்டு அல்லது பத்து மில்லிவிநாடிக்கு ஒரு முறை கணினி 'ஏதேனும் உண்டா?' என்று வினவ, அதற்கு விடையாகவே பேசும். கேட்பவர் ஒருவர் இல்லாதவிடத்து அது மௌனமாகவே இருக்குமாதலால், கம்பியின் நுனியில் ஒரு வானொலிச் சில்லை மட்டும் ஒட்டிவிட்டால் காரியம் நடவாது. விசைப்பலகைக்கு எதிரே கணினியாகவும், கைப்பேசிக்கு எதிரே விசைப்பலகையாகவும், ஒரே நேரத்தில் இரண்டு வேஷங்களைத் தாங்க வல்ல ஒன்று நடுவில் இருக்க வேண்டும். கும்பினியார் காலத்தில் வெள்ளைக்காரத் துரைக்கும் உள்ளூர் வணிகருக்கும் இடையே நின்று இரு பக்கத்துப் பேச்சையும் மாற்றிச் சொன்ன துபாஷியின் உத்தியோகமே இச்சிறு கணினிக்கும் வாய்த்திருக்கிறது.

அந்தப் பேச்சு எவ்வளவு சுருக்கமானது என்பது வியப்புக்குரியது. இடது ஷிப்ட் விசையையும் 'ஏ' விசையையும் சேர்த்து அழுத்தினால் விசைப்பலகை அனுப்புவது எட்டே பைட்டுகள்: முதலில் 2, அடுத்து 0, அதன்பின் 4, மீதி ஐந்தும் சுழியங்கள். முதல் பைட் ஷிப்ட், கன்ட்ரோல் முதலிய துணை விசைகளின் நிலையைக் குறிக்கும்; இரண்டாவது வெறுமையாக விடப்பட்டது; பின்வரும் ஆறும், ஏககாலத்தில் அழுத்தப்படும் ஆறு விசைகள் வரை குறிக்கத்தக்கவை. விரலை எடுத்தவுடன் எட்டும் சுழியமாகிய இன்னொரு செய்தி போகிறது. இந்த இரண்டாவது செய்தி வழியில் தவறிவிட்டால், விசை இன்னும் அழுந்தியிருப்பதாகவே மறுபுறம் எண்ணிக்கொண்டு 'கககககக' என்று திரையை நிரப்பிவிடும். நல்ல காலமாக, புளூடூத் விசைப்பலகைக்கு வகுத்த விதியும் ஏறக்குறைய இதே அமைப்பை ஏற்றிருப்பதால், துபாஷி செய்ய வேண்டியதெல்லாம், லினக்ஸ் இயங்குதளத்தின் வழியாக விசைகளின் நிலையைப் படித்து, அதற்குரிய எட்டு பைட்டுகளை அமைத்து, முன்னே இரண்டு பைட் தலைப்புக் குறிப்பைச் சேர்த்து வானில் அனுப்புவதே. பைத்தான் மொழியில் ஓரிரு நூறு வரிகளுக்குள் இந்நிரல் அடங்கிவிடும்.

மேற்கூறிய செய்தியில் எழுத்து என்பதே இல்லை என்பதைத் தமிழர் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். '4' என்பது ஒரு விசையின் இடத்தைக் குறிப்பதேயன்றி ஓர் எழுத்தைக் குறிப்பதன்று. பழைய தட்டச்சுப் பொறியின் வரிசையைக் கைப்பேசியில் அமைத்துக்கொண்டவருக்கு அது 'ய' ஆகத் தோன்றும். 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை அடுத்து அரசு ஏற்ற தமிழ்99 வரிசையில் 'அ' ஆகும். ஆகவே விசைப்பலகையையோ நடுவிலுள்ள கணினியையோ தமிழுக்கென்று மாற்ற வேண்டிய சிரமம் இல்லை. எழுத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் முழுவதும் பெறுகின்ற கருவியிடமே இருக்கிறது.

செய்முறையில் சிக்கல் அதிகமில்லை. மெமரி கார்டில் ராஸ்பெர்ரி பை இயங்குதளத்தை ஏற்றி, தகட்டிலுள்ள இரண்டு மைக்ரோ யு.எஸ்.பி. துளைகளில் மின்சாரத்துக்குரியதில் பவர் பேங்கையும், மற்றதில் ஓ.டி.ஜி. கேபிள் வழியே விசைப்பலகையையும் பொருத்தி, இயங்கத் தொடங்கியதும் நிரல் தானே எழும்படி ஏற்பாடு செய்துவிட்டு, கைப்பேசியின் புளூடூத் பட்டியலில் தோன்றும் பெயரைத் தொட்டு ஜோடி சேர்த்தால் வேலை முடிந்தது. மின்சாரத்தை வெடுக்கென்று பிடுங்கினால் கார்டிலுள்ள கோப்புகள் கெடக்கூடுமாதலால், கார்டை எழுதப்படாத நிலையில் வைக்கும் வசதியை இயங்குதளத்தின் அமைப்புகளிலேயே இயக்கிவிடுவது உத்தமம். இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவென்று கண்டு தாமே அணைந்துவிடும் பவர் பேங்குகளும் உண்டு. அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

வானொலிப் பெட்டி வைத்திருந்தவர் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் லைசென்ஸ் கட்டணம் கட்டிய நாட்களை நினைவில் வைத்திருப்போர், அலை பரப்பும் ஒரு கருவியை வீட்டில் ஆக்கிக்கொள்ள அனுமதி வேண்டாவா என்று ஐயுறலாம். புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று 2005இலேயே இந்திய அரசு விதி செய்துவிட்டது. வைஃபையும் நடமாடும் அந்த நெரிசலில் இடறாதிருக்க, புளூடூத் தன் அலையை 79 தடங்களுக்குள் விநாடிக்கு 1600 முறை மாற்றி மாற்றித் தாவுகிறது.

சட்டம் அனுமதித்தாலும் எச்சரிக்கை வேண்டும். கடவுச்சொல் உட்பட நாம் அடிப்பன அனைத்தும் நடுவிலுள்ள கணினியின் கண்ணில் படுவதால், யாரோ தந்த நிரலைப் படித்துப் பாராமல் அதில் ஏற்றுவது விவேகமாகாது. திருத்தம் பெறாத ஆண்ட்ராய்டு, லினக்ஸ், ஆப்பிள் சாதனங்களில், உரியவர் சம்மதமின்றியே ஒரு பொய் விசைப்பலகை வந்து இணையக்கூடும் என்பது 2023 டிசம்பரில் வெளியாயிற்று. எனவே கணினி, கைப்பேசி இரண்டையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இனிச் செலவுக்கு வருவோம். தகடு, கார்டு, கேபிள், பவர் பேங்க் ஆகியவற்றின் விலையைக் கூட்டினால், கடையில் கிடைக்கும் சாதாரணக் கம்பியில்லா விசைப்பலகை அதைவிட மலிவு; அது இரண்டு பேட்டரிகளில் பல மாதம் உழைக்க, நம்முடையதோ இரண்டொரு நாளுக்கொரு முறை சார்ஜ் கேட்கும்; ஆணைகளை ஏற்கத் தயாராவதற்கும் சற்று அவகாசம் எடுத்துக்கொள்ளும். ஆகையால் பணம் மிச்சம் பிடிக்கவேண்டும் என்று எண்ணுகிறவர் இதில் இறங்குவது வீண். பழகிய பலகையை விட மனமில்லாத தட்டச்சாளருக்கும், யு.எஸ்.பி., புளூடூத், லினக்ஸ் மூன்றையும் ஒரே பயிற்சியில் கற்க விரும்பும் கல்லூரி மாணவருக்கும் மட்டுமே இது பிரயோஜனம். அவர்களுக்கும் இதில் நஷ்டபயம் சிறிதே: விசைப்பலகையில் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றுவதில்லை, கம்பியை அறுப்பதுமில்லை, அதைச் சுருட்டி ஒரு ரப்பர் பேண்டில் கட்டிப் பலகையின் முதுகில் வைத்துக்கொண்டால் போதும், வேண்டாமென்று தோன்றும் நாளில் அவிழ்த்துப் பழைய கணினியிலேயே மறுபடி சொருகிக்கொள்ளலாம்.