பின் லைட்டுக்குள் தண்ணீர்

மாரி பிடித்துவிட்டால் ஸுபஹ் தொழுதுவிட்டு வரும் வழியில், வாசல்களில் நிற்கும் கார்களின் பின்பக்கத்தைப் பாருங்கள். கல்முனையானாலும் சாய்ந்தமருது, நிந்தவூரானாலும், சிவப்புக் கண்ணாடிக்குள் புகைபோல் ஈரம் படர்ந்த கார்கள் கண்ணில் படும். சிலவற்றில் அடியில் தண்ணீரே தேங்கி நிற்கும். இரண்டுக்கும் நாம் செய்வது ஒரே வைத்தியம்: ஒரு டியூப் சிலிகன் வாங்கி லைட்டைச் சுற்றி அப்பிவிடுவது. அதனால் உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் போகிறது.

முதலில் அது பனியா, ஒழுக்கா என்று பாருங்கள். பின் லைட் காற்றுப் புகாத பெட்டி அல்ல. பல்ப் எரிந்தால் உள்ளேயுள்ள காற்று சூடாகி விரியும்; அணைந்ததும் சுருங்கி வெளிக்காற்றை இழுக்கும். அதற்காகவே பின்புறம் சிறு மூச்சுத் துவாரங்கள் இருக்கின்றன. நமது கடற்காற்றில் ஈரம் அதிகம். விடியற்காலையில் கண்ணாடி குளிரும்போது அந்த ஈரம் உட்பக்கம் படிகிறது. லைட்டைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் ஓடினால் பெரும்பாலும் மறைந்துவிடும். எல்இடி என்றால் சூடு குறைவு. இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். இந்தப் பனிக்கு எந்த வேலையும் செய்ய வேண்டாம்.

தேங்கிய தண்ணீர் வேறு விஷயம். 30 பாகை செல்சியஸில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். லைட்டுக்குள் 2 லீற்றர் காற்று இருந்தாலும் அதிலுள்ள நீர் ஒரு சொட்டுத்தான். ஒரு தேக்கரண்டி தண்ணீர் கிடந்தால் எங்கோ வழி திறந்திருக்கிறது.

எங்கள் காரில் அந்த வழி, பல்ப் ஹோல்டரின் ரப்பர் வளையம். வெயிலில் காய்ந்து விறைத்திருந்தது. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதனால் நம் வீதிகளில் ஓடுபவை அநேகமாக வயதான கார்கள், வயதான ரப்பர்கள். கண்ணாடியில் மயிரிழை வெடிப்பு, ஓரப் பொருத்து விட்டுப்போதல், சர்வீஸ் ஸ்டேஷனில் மிக அருகே பிடித்த பிரஷர் கன் ஆகியவையும் காரணமாகலாம். வெள்ளத்துக்குள் ஓடுவது எல்லாவற்றையும் விட மோசம். சூடான லைட் குளிர்ந்த நீரில் மூழ்கினால் உள்ளேயுள்ள காற்று சட்டெனச் சுருங்கி, கிடைத்த இடுக்கால் தண்ணீரை உறிஞ்சும். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளி வீதி மூழ்கியதைக் கண்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சரிசெய்வது கடினமல்ல. பெரும்பாலான கார்களில் டிக்கிக்குள் இரண்டு மூன்று திருகாணிகளைக் கழற்றினால் லைட் கையோடு வரும். பல்புகளைக் கழற்றி, துவாரங்கள் கீழே பார்க்கப் பிடித்துத் தண்ணீரை வடியுங்கள். பிறகு ஒரு முழுநாள் வெயில். ஹெயார் டிரையர் பிடித்தால் குறைந்த சூட்டில், தள்ளிப் பிடியுங்கள். அந்தக் கண்ணாடி உண்மையில் பிளாஸ்டிக், 100 பாகையை நெருங்கினால் இளகிவிடும். பெற்றோல், தின்னர் எதுவும் படக் கூடாது. பட்டால் வலைபோல் வெடிக்கும்.

காய்ந்த பின் ஓட்டையைத் தேடுங்கள். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதைப் போலத்தான். ஒரு துவாரத்தை மட்டும் விட்டு மற்றவற்றைத் தற்காலிகமாக அடைத்து, ஓரமெங்கும் சவர்க்கார நுரை பூசி, அந்தத் துவாரத்தால் மெதுவாக ஊதினால் குமிழி எழும் இடமே ஓட்டை. அங்கு மட்டும் சிலிகன் வைத்து ஒரு நாள் விடுங்கள். விநாகிரி மணக்கும் சிலிகனை வாங்காதீர்கள். அதிலிருந்து வரும் அமிலம் உலோகத்தை அரிக்கும். ஹோல்டர் ரப்பர் விறைத்திருந்தால் மாற்றுங்கள். மூச்சுத் துவாரங்களை எக்காரணம் கொண்டும் நிரந்தரமாக அடைக்க வேண்டாம். அடியில் புதிதாக ஓட்டை போடச் சொல்வோரும் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. தண்ணீர் வடிந்தாலும் தூசியும் உப்புக்காற்றும் அதே ஓட்டையால் உள்ளே வரும்.

அந்த உப்புக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். ஈரமும் உப்பும் சேர்ந்தால் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும். எர்த் இணைப்பு அரித்துப்போனால், பிரேக் மிதிக்கும்போது சிக்னல் லைட் மங்கலாக எரியும், பிரேக் லைட் எரியாமலே போகலாம். ஏ4 வீதியில் இரவில் மாடுகள் படுத்திருக்கும். நீங்கள் திடீரென்று பிரேக் பிடிப்பது பின்னால் வரும் பஸ்காரருக்குத் தெரிய அந்தச் சிவப்பு வெளிச்சத்தைத் தவிர வேறு வழியில்லை.

இன்றிரவு காரை மதிலுக்குப் பின்பக்கம் காட்டி நிறுத்தி, பிரேக்கை மிதித்துக்கொண்டு, பிள்ளையை ஓரமாக நின்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு சிவப்பாக எரிய வேண்டும். ஒரு பக்கம் மங்கினாலும் நாளையே கழற்றிப் பாருங்கள்.